வானம் பார்த்த மிளகாய்

மறுநாள் மலரப்போகும் மொட்டை இடதுகை விரல்களில் ஏந்தி, நகைப் பட்டறையில் கேட்டு வாங்கிய சாமணத்தால் இதழ்களை விலக்குகிறார் முத்துவடிவு டீச்சர். உள்ளிருக்கும் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து, மொட்டுக்குக் காகிதக் குல்லாய் மாட்டி நூலால் கட்டுகிறார். காலையில் குல்லாயைக் கழற்றி, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் புறப்படுவார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், மேலகரத்தில் வீடு. பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறார். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்கமாட்டார். காது மடலைப் பார்ப்பார். "ஒங்க அப்பாவுக்கும் இப்படி ஒட்டுன காதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மழை வெயில் விசாரிப்பார். சாரல் காலத்தில் குடையைச் செடிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்து நிற்பார். "நான் நனைஞ்சா தொவட்டிக்கிடலாம். மகரந்தம் நனைஞ்சா ஒரு வருசம் போச்சு."

அவருடைய கேள்வி சின்னது. காய் மண்ணைப் பார்த்துத் தொங்கும் மிளகாய் ஒன்று, வானத்தைப் பார்த்து நிற்கும் மிளகாய் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் என்ன பிறக்கும்? முதல் தலைமுறையில் அத்தனையும் தொங்கின. விதை கொடுத்த கடைக்காரர் முகம்மது கனி வந்து பார்த்துவிட்டு, "வானம் பாத்தது செத்துப்போச்சே டீச்சர்" என்றார்.

"சாகல பாய். ஒளிஞ்சிருக்கு."

அந்தச் செடிகளின் விதையை அடுத்த வருடம் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு செடி. அதில் ஐம்பத்திரண்டு வானம் பார்த்து நின்றன. ஏறக்குறைய நாலில் ஒன்று. மூன்று முறை எண்ணிய பிறகே டீச்சர் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்த வருடம்தான், 1962இல், பக்கத்து வீட்டு வள்ளித்தாய் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். குழந்தைக்குப் பூனைக்கண். அவளுக்கும் சரி, புருஷன் மாடக்கண்ணுவுக்கும் சரி, கண் கரிய நிறம். "இது யாரு கண்ணுட்டீ?" என்று கேட்டு ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏற்றிவிட்டிருந்தான்.

டீச்சர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஒங்க வழியில யாருக்கும் பூனைக்கண் உண்டா?" என்று மட்டும் கேட்டார். வள்ளித்தாயின் அம்மா யோசித்து, "செங்கோட்டையில எங்க தாய்மாமாவுக்கு உண்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆலங்குளம் போனார். அதே கேள்வியை மாடக்கண்ணுவின் அம்மா பேராச்சியிடம் கேட்டார். பேராச்சி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்க அப்பாவுக்கு. அவுஹளை ஊர்ல பூனைக்கண்ணர்னுதான் கூப்பிடுவாஹ. இவன் பொறக்கதுக்கு முந்தியே போய்ட்டாஹ."

மாடக்கண்ணு எழுந்து வெளியே போய்விட்டான்.

எட்டாம் நாள் அவனே மேலகரத்துக்கு வந்தான். மாமியார் வீட்டுக்குள் போகத் துணிவில்லாமல் டீச்சர் வீட்டு முற்றத்தில் நின்றான். டீச்சர் அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் செடிகளைக் காட்டினார். தாயிலும் தகப்பனிலும் வெளியே தெரியாமல் கிடந்தது, இரண்டு பக்கமும் சேரும்போது பிள்ளையில் தலைகாட்டும் என்றார். அவன் ஒவ்வொரு பாத்தியாகக் குனிந்து பார்த்தான். கடைசியில் நிமிர்ந்து கேட்டான்.

"அப்பம் அது எம் புள்ளதான்னு நீங்க சொல்லுதீயளா டீச்சர்?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். செடி அத எனக்குச் சொல்லல. ஒம் புள்ள இல்லன்னு சொல்லுததுக்கு இந்தக் கண்ணு மட்டும் போதாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மத்ததுக்கு ஒம் பொண்டாட்டியத்தான் நீ நம்பணும்."

டீச்சர் பக்கத்து வீட்டுக்குப் போனார். வள்ளித்தாயின் மடியிலிருந்து குழந்தையை எடுத்துவந்து, கேட்காமலே அவன் கைகளில் வைத்தார்.

"கழுத்தத் தாங்கிப் பிடி" என்றார்.