நான் அடித்த தந்தி

எங்கள் குடும்பம் ஆப்பிரிக்காவுக்குப் போகாமல் நின்றதற்கு ஊரில் இரண்டு காரணம் சொல்வார்கள். அந்த நாட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது ஒன்று. என் அம்மாவின் தம்பி கல்யாணம் இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மீதி உண்மை இன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் காரியத்தைக் கெடுத்தவள் நான்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பன்னிரண்டு வயது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கிணறும் நாலு ஏக்கர் தோட்டமும் இருந்தன. நிலக்கடலை போடுவோம், தண்ணீர் இருந்தால் நெல்லும் போடுவோம். அப்பா ஏர் பிடித்த கையோடு படித்து ஆங்கில வாத்தியார் ஆனவர். பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு விண்ணப்பம் போட்டார். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். இரண்டு வருட வேலை, குடும்பத்தோடு வரலாம், வீடு அவர்களே தருவார்கள் என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. வகுப்பில் வேண்டியவர்களுக்கெல்லாம் வரிக்குதிரை படம் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தேன். வேண்டாதவர்களிடம், உங்களுக்குக் கிடையாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். தோட்டத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எருமைகள் அவர் பட்டிக்குப் போயின. சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் விருந்து சாப்பிட்டு எனக்கு வயிறே கெட்டுப்போனது.

அம்மாவுக்கு மட்டும் மனதில் ஒரு முள் இருந்தது. அவளுக்கு ஒரே தம்பி. தாய் போன பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அவனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாங்கள் கார்த்திகையிலேயே கிளம்பியாக வேண்டும்.

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டப் போவதற்கு முன் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், இன்னொரு முனை அவள் கையில் இருக்கும். அந்த ஒரு நாழிகை மணவறையில் அவள்தான் ராணி. கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்கலாம். ஆனால் உயிரோடு இருக்கிற அக்கா வராமல் வேறொருத்தி நின்றால், அந்த அக்காவைப் பற்றி ஊர் நாலு விதமாகப் பேசும். ஊர் பேச்சை அம்மா பொருட்படுத்தியவள் அல்ல. தன் கையால் வளர்த்தவனுக்குத் தானே நிற்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேறு வழியில்லாமல் தன் பெரியப்பா மகளைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து, "எனக்குப் பதிலா நீ நில்லு" என்றாள். கொடுத்துவிட்டு வந்து அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

பம்பாய் போய்ச் சேர்ந்தோம். மாட்டுங்காவில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். நாலாம் நாள் விமானம் ஏற வேண்டும். இரண்டாம் நாளே அந்த நாட்டில் பட்டாளக்காரர்கள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள், விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்பா தினமும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போவார், மத்தியானம் வாடிய முகத்தோடு திரும்புவார். மார்கழி முழுக்க அந்த அறையிலேயே கழிந்தது. திரும்பி ஊருக்குப் போகலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை வீட்டு விருந்தைத் தின்றுவிட்டு எந்த முகத்தோடு போவது?

தை பிறந்ததும் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, ஏரோப்ளேன் எப்படியும் இந்த மாசம் ஓடாதுன்னு சொல்றாங்கல்லங்க. நானும் புள்ளையும் போயி கல்யாணத்துல நின்னுட்டு ஓடியாந்தர்றோமுங்க."

"நீங்க ரெண்டு பேர் மட்டும் ரயில்லயா?"

"ஏன், ரயிலு என்னையக் கடிச்சா தின்னுரும்?"

அப்பா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியாது. இந்தி ஒரு சொல் தெரியாத அம்மா, இரண்டு ராத்திரி ரயிலில், இடம் பிடிக்க வந்தவர்களையெல்லாம் தமிழிலேயே அதட்டி உட்கார வைத்தாள். ஒலவக்கோட்டில் இறங்கி, பஸ் பிடித்து, அப்புச்சி வீட்டு வாசலில் போய் நின்றோம். அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. அம்மாவைக் கண்டதும் பெரியப்பா மகள் உள்ளே ஓடிப்போய்ப் புது வெற்றிலை பாக்கு எடுத்து வந்து அம்மா கையில் வைத்து, "இந்தா, உன்ற சீர நீயே செய்யி. எனக்கு நெஞ்சுல இருந்த கல்லு எறங்குச்சு" என்றாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்குச் சந்தோஷம்தான், கல்யாணம் முடிந்ததும் பம்பாய், அப்புறம் விமானம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் புதன்கிழமை. திங்கட்கிழமை மத்தியானம் அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. தந்தி என்றதும் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். நான் உரக்கப் படித்தேன். விமான நிலையம் திறந்துவிட்டது, வியாழக்கிழமை புறப்பாடு, இதை விட்டால் வேலை போய்விடும், உடனே கிளம்பு.

கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும். அன்றைக்கு இல்லாவிட்டால் மறுநாள் காலையிலாவது ரயில் ஏறினால்தான் வியாழக்கிழமை பம்பாய். புதன்கிழமைக் கல்யாணத்தில் நின்றால் விமானம் இல்லை.

அப்புச்சி, "போயிரு சாமி. புருஷன் கூப்புட்டதுக்கப்புறம் என்ன யோசன?" என்றார். மாமாவே வந்தார். கல்யாண மாப்பிள்ளை, கூச்சத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ போ. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார். நான் பெட்டியை எடுத்து வைக்கவே போய்விட்டேன்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "போஸ்ட் ஆபீசுக்குப் போயி உங்கப்பாவுக்கு ஒரு தந்தி குடு. நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால வர்றோம்னு எழுது. பம்பாய் வரைக்கும் தனியா வந்துட்டுப் போனவளுக்கு அதுக்கங்குட்டு வரத் தெரியாதா?"

அவள் தைரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா முன்னால் போனால் நாங்கள் பின்னால் போகவே மாட்டோம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. டிக்கெட்டு, பாஸ்போர்ட்டு, கையெழுத்து எல்லாம் அப்பா. அவர் இல்லாமல் எங்களை யார் ஏற்றுவார்கள்? அம்மாமேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. ஒரு சேலை முனையைப் பிடிப்பதற்காக என் ஆப்பிரிக்காவை விற்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு மைல் நடந்தேன். நடந்த தூரமெல்லாம் கோபம் கூடிக்கொண்டே போனது.

அப்பா அந்த வியாழக்கிழமை ஏறக்கூடாது. அவரை நிறுத்தினால், கல்யாணம் முடிந்ததும் மூன்று பேரும் அடுத்த விமானத்தில் போகலாம். விமானத்தையும் பொள்ளாச்சி பஸ் மாதிரிதான் நினைத்திருந்தேன். ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று. வேலை போய்விடும் என்று அப்பா எழுதியதைப் பெரியவர்கள் அவசரப்படுத்தச் சொல்லும் வழக்கமான பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் தந்தி என்றால் ஒரே ஒரு தந்திதான். வெளியூரில் இருக்கிறவனை வரவழைக்க எல்லா வீட்டிலும் அடிக்கிற தந்தி. ஏ, பி, சி, டி தெரியாதவர்களுக்கும் அந்த நாலு சொல் தெரியும். தாளை வாங்கினேன். மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி. அழகான கையெழுத்தில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

கவுண்டரில் இருந்த மலையாளி வாங்கிப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அய்யோ மோளே, அம்மைக்கு எந்து பற்றி?" என்றார். அப்போதாவது தாளைப் பிடுங்கியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து, மற்றவர்களை நிறுத்தி வைத்துவிட்டு என்னுடையதை முதலில் அடித்தார், பாவம்.

"குடுத்துட்டயா?" என்று அம்மா கேட்டாள். "குடுத்துட்டேன்" என்றேன். அது பொய் இல்லை.

புதன்கிழமை அம்மா இணைச்சீரில் நின்றாள். அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, சடங்கை நடத்துகிற அருமைக்காரர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் செய்தாள். சேலை முனையைக் கையில் கொடுத்தபோது மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மா அழவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவளை நான் அத்தனை அழகாகப் பார்த்ததில்லை. நான் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மிச்சப் பலகாரங்களை வீட்டு வீட்டுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து யாரையோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்தார். தாடி முளைத்திருந்தது, கையில் பை இல்லை, ரயில் கரி சட்டையெல்லாம். பந்தலையும் வாழை மரத்தையும் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நேராக வந்து, அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடித்தார். எங்கள் ஆட்களில் எந்த ஆம்பளையும் அப்படிச் செய்யமாட்டான்.

"நீ நல்லாருக்கறயா?"

"எனக்கென்னங்க? நீங்க ஏரோப்ளேன் ஏறலீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்து நீட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னன்னு போட்டிருக்குதுங்க?" என்று கேட்டாள். அப்பா சொன்னார். பலகாரம் கட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

"நாந்தானுங்க அப்படி எழுதச் சொன்னேன்" என்றாள் அம்மா.

"நீயா? எதுக்கு?"

"நீங்க எங்களை உட்டுப்போட்டுத் தனியாப் போறது எனக்குப் புடிக்கலீங்க."

அப்பா அவள் கையை விட்டார். யார் கூப்பிட்டும் சாப்பிட உட்காரவில்லை. அந்த நேரத்துக்கு விமானம் பம்பாயில் கிளம்பிப் போயிருக்கும். மாசி மாதம் கடிதம் வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அடுத்த பஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. அப்பா பழைய பள்ளிக்கூடத்துக்கே போனார். எருமைகள் திரும்பி வந்தன. தம்பிக்குச் சீர் செய்கிற ஆசையில் புருஷன் பிழைப்பைக் கெடுத்தவள் என்று அம்மாவுக்குப் பெயரானது. அந்தப் பெயர் கடைசி வரைக்கும் போகவில்லை.

அப்பா வந்த அந்த வியாழக்கிழமை சாயங்காலமே, தொட்டியில் அண்டா கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"வாய மூடு. என்மேல வந்த கோவம் ரெண்டு நாள்ல ஆறிரும், நான் பாத்துக்குவேன். உன்மேல வந்தா ஆறாது. அவருக்கு நீ ஒத்தப் புள்ள."

இரண்டு நாளில் ஆறவில்லை. ஆடி மாதம் வரைக்கும் அப்பா அம்மாவோடு நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. எதுவாக இருந்தாலும் என்னைக் கூப்பிட்டுத்தான் சொல்வார். "உங்கம்மாகிட்ட சோறு போடச் சொல்லு." "சட்டை எங்கன்னு உங்கம்மாவக் கேளு." அம்மாவும் அடுப்படியிலிருந்து, "உங்கப்பாகிட்டச் சொல்லு, கொடியில கெடக்குதுன்னு" என்பாள். ஆறு மாதம் அந்த வீட்டில் இங்கும் அங்குமாக நடந்தேன். இருவர் சொன்னதையும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.