கம்பத்தில் பட்ட பந்து

அந்தப் பந்து கம்பத்தில் பட்டது. நான் கண்டேன், சத்தமும் கேட்டது. நகத்தால் மேசையைச் சுண்டினால் வருமே, அவ்வளவு சின்னச் சத்தம். பட்டதென்று காட்டுவதற்கு நான் கம்பத்தை ஒருமுறை உள்ளங்கையால் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. இரண்டு வெள்ளைக் கொடிகளையும் எடுத்து வீசினேன்.

மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணியின் கம்பத்தடியில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு கிழவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் நில அளவையாளன். யாழ்ப்பாணத்தில் தொடங்கி, இங்கே ஒரு நகரசபையில் ஓய்வு பெற்றேன். ஊரில் வேலிச் சண்டை என்றால் இரண்டு பக்கத்தாரும் என் அளவுச் சங்கிலியை நம்பினார்கள். சொந்த மச்சானையே வேலியை ஒரு சாண் பின்னுக்குப் போடச் சொல்லி, அந்தக் கோபத்தில் அவர் வீட்டுக் கலியாணத்துக்கு அழைப்பில்லாமல் போனவன் நான். இதை இங்கே வந்தபின்னும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

மனைவி போனபின் மல்கிரேவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகளுக்கும் மருமகனுக்கும் ஆஸ்பத்திரியில் வேலை. சனிக்கிழமைகளில் அநேகமாக இரண்டு பேருக்கும் டியூட்டி. அந்த அணியில் ஆடுகிற பேத்தியை ஆட்டத்துக்குக் கூட்டிப்போவது அதனால் என் பங்காயிற்று. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் ஆட்டம் முடிந்தால் பிரேக்கை மிதிக்கிற நிலையில் அவளுடைய கால் இராது.

இந்த நாட்டு உதைபந்தாட்டத்தை ஃபுட்டி என்கிறார்கள். முட்டை வடிவப் பந்து. கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், பந்து வைத்திருப்பவளைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள்: நடுவில் இரண்டு நெட்டை, வெளியே இரண்டு கட்டை. நெட்டைக் கம்பங்களுக்கு நடுவால், எதிலும் படாமல் பந்து போனால் கோல், ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளியால் போனாலோ, நெட்டைக் கம்பத்தில் பட்டாலோ ஒரே ஒரு புள்ளி. எது எதுவென்று கம்பத்தடியில் நின்று பார்த்து, கோலுக்கு இரண்டு கொடி, ஒரு புள்ளிக்கு ஒன்று என்று வீசுகிறவர்தான் கோல் அம்பயர். எங்கள் பிரிவில் அதற்குத் தனியாக ஆள் வரமாட்டார். ஒவ்வொரு கழகமும் தன்னுடைய ஆள் ஒருவரைக் கொண்டுவரும். அவர் ஒரு முனை, எதிர்க்கழகத்து ஆள் மற்ற முனை. ஒருவரையொருவர் நம்பித்தான் எல்லாம் நடக்கும்.

கோச் ஒரு குழாய் வேலைக்காரி. வாரநாட்களில் வீடுகளுக்குக் குழாய் பூட்டுவாள். முதல் ஆட்டத்தன்று வேலியோரம் மடக்குக் கதிரையில் இருந்த என்னிடம் வந்தாள். இங்கே அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

"அங்கிள், உங்களுக்குக் கண் தெரியுமா?"

"நேர்கோடு பார்க்கிறதுதான் என்ர தொழில்."

"அப்ப எழும்புங்கோ," என்று வெள்ளைக் கோட்டை மடியில் போட்டாள்.

அன்று பின்னேரம் மகள் சிரித்தாள். "அப்பா, பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த அடிபிடி விளையாட்டு என்னத்துக்கெண்டு கேட்ட ஆள் நீங்கள். இப்ப கொடியோட நிக்கிறியளோ?"

கேட்டவன்தான். அன்று நான் கண்டதை அவளுக்கு எப்படி விளக்குவது?

முந்தின வருடம் இந்த அணிக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்ததாம். தோல்வி அவர்களுக்குச் சாப்பாடு மாதிரி. இந்த வருடம் என்ன நடந்தது என்று கோச்சுக்கும் தெரியாது. கப்டன் வடமேற்குக் கோதுமைக் காட்டிலிருந்து மிருக வைத்தியம் படிக்க வந்தவள். நெட்டை, அதிகம் பேசாதவள். முதல் ஆட்டத்தில் எனக்கு நேரே முன்னால் ஒருத்தியின் முதுகில் முழங்காலை ஊன்றி மேலே போனாள். போனாள் என்றால், இறங்குவாளா என்று நான் யோசிக்கிற அளவுக்குப் போனாள். ஆகாயத்திலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, சேற்றைத் துடைத்து, ஒன்றும் நடவாதது போல உதைத்தாள். எனக்குக் கொடி எடுக்க மறந்துபோயிற்று. "அங்கிள், கோல்!" என்று எதிரணிப் பிள்ளைதான் ஞாபகப்படுத்தினாள்.

பிறகு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இதுதான். மழையில் மைதானம் நெல்வயலாகிக் கிடந்த நாளிலும் வென்றார்கள். மூன்று பகுதிகள் பின்னால் நின்றுவிட்டுக் கடைசிப் பகுதியில் எழும்பியும் வென்றார்கள். பேத்தி சின்ன உருவம்; பெரிய பிள்ளைகளின் கால்களுக்கிடையில் புகுந்து பந்தோடு வெளியே வருவாள். திரும்பிப் பார்க்காமலே பின்னால் தட்டிவிடுவாள்; அங்கே ஒருத்தி ஓடி வந்துகொண்டிருப்பாள். கருவி வைத்துக் கோடு பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். இவர்கள் ஓட்டத்திலேயே கோடு கீறினார்கள். வாழ்நாளில் நான் இவ்வளவு அழகாக ஒன்றை இவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை.

ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் தோள்மேல் கைபோட்டு வட்டமாக நின்று கழகப் பாட்டைக் கத்திப் பாடுவார்கள். வென்றால்தான் பாடலாம், அது அவர்கள் வழக்கம். பேத்திக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. அவள் குரல் தனியாகக் கேட்கும்.

எங்கள் ஆட்கள் வெல்லுகிற பக்கத்தில் நின்று எனக்குப் பழக்கமில்லை. யாழ்ப்பாணத்து என் வயதுக்காரர்களுக்கு அது விளங்கும். இது பிள்ளைகளின் விளையாட்டு என்று தெரிந்தும், இந்த அணி தோற்கவே கூடாது என்று ஒரு வெறி எனக்குள் ஏறியிருந்தது. பக்தி என்று அப்போது நினைத்திருந்தேன்.

இறுதிச் சுற்றுக்கு முந்தின கடைசி ஆட்டம் அது. நாங்கள் எப்படியும் இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டோம். எதிரணிக்கு அன்று வென்றால்தான் இடம். அவர்களுடைய கடைசிக் காவல்காரி, தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒருத்தி, எங்கள் பிள்ளைகள் என் முனைக்கு ஆடிய பகுதிகளிலெல்லாம் எனக்குப் பக்கத்திலேயே நின்றாள். இது அவளுக்குப் படிப்பில் கடைசி வருடம். பந்து தூரத்தில் இருக்கும்போது என்னோடு கதைத்தாள். "அங்கிள், உங்கட ஆக்களை ஒருக்கா எண்டாலும் தோற்கச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் கேக்க மாட்டினம்."

"அப்ப நாங்கள் சொல்லிக் குடுக்கிறம்," என்றாள். உண்மையாகவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிடங்களில் அவர்கள் நான்கு புள்ளி முன்னுக்கு.

அப்போதுதான் பேத்தி கூட்டத்துக்குள்ளிருந்து வெளியே வந்து, ஓடியபடியே இடக்காலால் உதைத்தாள். பந்து சுழன்று வந்தது. நான் கோட்டில்தான் நின்றேன். கம்பத்தின் அடிப்பாகத்தைச் சுற்றி மெத்தை கட்டியிருக்கும். அதற்கு மேலே, வெறும் கம்பத்தில், பந்து உரசிக்கொண்டு உள்ளே போனது. காவல்காரி கம்பத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

நடு அம்பயர் தூரத்திலிருந்து எல்லாம் சரி என்று சைகை காட்டினார். இனி முடிவு என்னுடையது. கோல் என்று இரண்டு விரல்களை நீட்டினேன். கொடிகளை எடுத்து வீசினேன்.

அவள் பந்தை எடுத்து நடு அம்பயரிடம் எறிந்தாள். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். அந்தக் கோலால் நாங்கள் வென்றோம். அவர்களுடைய பருவம் அன்றோடு முடிந்தது.

வட்டம் போட்டுப் பாடினார்கள். வழக்கமான குரல் கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். பேத்தி கப்டனின் தோளில் கைபோட்டு நின்றாள். வாய் மூடியிருந்தது.

காரில் கேட்டேன். "ஏன் பிள்ளை, பாடேல்லை?"

"தொண்டை சரியில்லை, அம்மப்பா."

இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தையும் வென்றார்கள். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. இனி இறுதியாட்டம் ஒன்றுதான். கழகத்தில் எல்லோரும் ஒரே கதை: ஒரு ஆட்டமும் தோற்காத அணி. மண்டபத்துச் சுவரில் வெற்றி பெற்ற வருடங்களை எழுதிய மரப்பலகை உண்டு. அதில் அந்த வார்த்தையையும் பொறிக்கப்போகிறார்களாம். நான் செய்ததை மகளிடம் சொன்னேன்.

"ஒரு பந்துக்கு இவ்வளவோ? விடுங்கோ அப்பா. அந்தப் பிள்ளையள் மறந்திருக்கும்."

"உன்ர மேள் மறக்கேல்லை."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்ப அவளோட கதையுங்கோ. என்னோட ஏன் கதைக்கிறியள்?" என்றாள்.

பேத்தி குசினியில் பாண் வாட்டிக்கொண்டு நின்றாள். கேட்டேன். "நீ அந்தச் சத்தத்தைக் கேட்டனியா?"

"ஓம். ஐ ஹேர்ட் இட். நான்தானே கிக் பண்ணினது."

"அப்ப ஏன் அங்க சொல்லேல்லை?"

"நீங்கள் தட்டுவீங்கள் எண்டு வெயிட் பண்ணினன். பிறகு..." பட்டரைத் தடவிக்கொண்டே நின்றாள். "பெரியாக்களைப் பிழை சொல்லக்கூடாது. நீங்கதானே சொன்னீங்கள்."

சொன்னேன். அவள் சின்னவளாக இருந்தபோது, வீட்டுக்கு வந்தவர்களிடம் நாங்கள் சிட்னி போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயிலால் இறங்கினோம் என்றேன். "இல்லை அம்மப்பா, பரமட்டா," என்றாள் அவள். ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் போனபின் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, பெரியவர்கள் சொல்லும்போது நடுவில் பிழை பிடிப்பது எங்கள் வளர்ப்பில்லை என்று அழும்வரை ஏசினேன். அவள் சொன்னது சரி. நாங்கள் இறங்கியது பரமட்டாவில்தான். அது அப்போதே எனக்குத் தெரியும்.

பிழை செய்தவன் நான். வாயை மூடிக்கொண்டு அதைச் சுமந்தவள் அவள். சுமக்கப் பழக்கியவனும் நான்.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு நானும் போனேன். மாக்பைப் பறவைகள் கத்திக்கொண்டிருந்த பின்னேரம். கோச்சிடம் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். பந்து பட்டது, கண்டேன், கேட்டேன், மறைத்தேன். வயதையும் கண்ணையும் சாட்டாகச் சொல்லவில்லை. பேத்திக்குத் தெரியும் என்பதைச் சொல்ல எனக்கு மனமில்லை. அதை அவளே சொன்னாள். "நானும் கேட்டனான்."

கப்டன்தான் முதலில் வாய் திறந்தாள். "ஏன் இப்ப? இறுதியாட்டத்துக்கு முன்னால? உங்கட பாரத்தை எங்கட தலையில இறக்கிப்போட்டு நீங்கள் வீட்ட போயிடுவீங்கள். நாங்கள் இதோட எப்பிடி ஓடுறது?"

அது உண்மை. நான் அதை யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டால் நல்லவனாகிவிடலாம் என்று மட்டும் நினைத்திருந்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று வெள்ளைக் கோட்டை மடித்து மர வாங்கில் வைத்தேன்.

கோச் அன்றே போட்டி நடத்துகிறவர்களுக்கு அறிவித்தாள். ஆட்டம் முடிந்தபின் முடிவை மாற்ற முடியாது என்று மறுமொழி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் பின்னேரம் கப்டன் தன்னுடைய புழுதி பிடித்த வண்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து ஹோர்ன் அடித்தாள். எதிரணியின் மண்டபத்தில் அன்று பருவ முடிவுச் சாப்பாடாம். "ஏறுங்கோ," என்றாள். வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தி நடுவில் இருந்தாள்.

அங்கே சொசேஜ் பொரிகிற புகைக்குள் நான் திரும்பவும் சொன்னேன். கப்டன் எனக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். என்மேல் அவ்வளவு கோபத்தோடு அவள் அப்படி நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அவள் ஆகாயத்தில் ஏறிப் பந்து பிடித்ததெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

"எங்கட அம்பயர் எண்டாலும் அதைத்தான் செய்திருப்பார்," என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். அவர்களுடைய அம்பயர் பியர் குடித்தபடி, "கட்டாயம்!" என்றார். கட்டைத் தலைமயிர்க்காரி சிரிக்கவில்லை.

"எனக்கும் கேட்டது. உங்கட கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றாள். பிறகு கப்டனிடம் திரும்பினாள். "ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்துக்கு வாறன். நீங்கள் தோக்கிறதைப் பாக்க."

வந்தாள். தன்னுடைய அணியின் சட்டையையே போட்டுக்கொண்டு வந்து, கம்பங்களுக்குப் பின்னால் வேலியோரம் எனக்குப் பக்கத்தில் நின்று எங்கள் அணிக்கு எதிராக வாய் நோகக் கூவினாள். இறுதியாட்டத்துக்கு வேறு அம்பயர்கள். நான் வெறும் பார்வையாளன். எங்கள் பிள்ளைகள் தொடக்கத்தில் தடுமாறினார்கள். எல்லாம் என்னால்தான் என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாம் பகுதியில் எங்கள் ஒருத்தி உதைத்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. அம்பயர் நிதானமாக நடந்துபோய்க் கம்பத்தை உள்ளங்கையால் தட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா அங்கிள்? அப்பிடித்தான் தட்டுறது."

"ஓம்," என்றேன்.

கடைசிப் பகுதியில் அவர்கள் பழையபடி எழும்பினார்கள். கப்டன் ஏறினாள், பேத்தி கால்களுக்கிடையால் வந்தாள், அந்தக் கோடுகள் திரும்பவும் மைதானமெங்கும் விழுந்தன. பக்கத்தில் நின்றவள் கூவுவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது இரண்டு கைகளாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துப் பலகையில் இப்போது வருடம் மட்டும் இருக்கிறது. 'தோற்காத' என்ற வார்த்தை வேண்டாமென்று கப்டன் சொல்ல, சிலர் சண்டை பிடித்தார்களாம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியும் பொய்யாக வெல்லவில்லை. அந்த வார்த்தையை அவர்களிடமிருந்து எடுத்தவன் நான்.

அன்று ஆட்டம் முடிந்ததும் வட்டம் போட்டார்கள். கப்டன் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமே நின்று காது கொடுத்தேன். அத்தனை குரலுக்குள்ளும் ஒன்று சுருதி விலகிக் கேட்டது.

"ஆரது இப்பிடிப் பாடுறது?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்றவள்.

"என்ர பேத்தி," என்றேன்.