ஏழாவது உருண்டை

காரைக்குடிக்கு ரயில் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது இது. செக்காலைப் பக்கம் எங்கள் வீடு. பேய்க்குப் பயந்தவர்களைக் கேலி செய்வதில் அந்தத் தெருவில் எனக்குத்தான் முதல் இடம்.

ஒரு நாள் காலை, கொல்லையில் இலுப்பை மரத்தடித் துவைகல்லின்மேல் கட்டைவிரல் நீளத்துக்கு ஏதோ கிடந்தது. குச்சியால் புரட்டினேன். நரைத்த மயிரை இறுக்கி உருட்டிய உருண்டை. உள்ளேயிருந்து பொடி எலும்புகள் எட்டிப் பார்த்தன. என் கை தானாகத் தலைக்குப் போயிற்று. முந்தின நாள்தான் அதே கல்லில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டேன். சந்தேகமே இல்லை, நரைமயிர் என்னுடையது. யாரோ பொறுக்கியெடுத்துச் செய்வினை வைத்துவிட்டார்கள்!

மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று. அதற்கடுத்த நாளும். பொழுது சாய்ந்தால் மரத்துக்குள்ளிருந்து, யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுப்பது போல ‘உஸ்ஸ்’ என்று நீளமாய் ஒரு சத்தம். நெருங்கினால் நிற்கும், திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் மறுபடி கேட்கும்.

குறி சொல்லும் கோடாங்கியிடம் ஓடினேன். உடுக்கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“செய்வினையை மரத்துல ஏத்தி வச்சிருக்காக. ஏழாவது உருண்டை விழுறதுக்குள்ள மரத்தைச் சாச்சுப்புடுங்க. விழுந்துட்டா நீங்க இருக்க மாட்டீக.”

மரவெட்டியோ ஏழாம் நாள் காலைதான் வர முடியும் என்றான். ஆறாம் நாள் மாலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று மனைவியிடம் தழுதழுத்தேன்.

“ஏன், எந்த ஊருக்குப் போறீக? கொல்லைப் பக்கம் போகவே துணைக்கு ஆள் கேக்குறீக!” என்றாள் அவள்.

ஏழாம் நாள் விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டே போய், கல்லுக்கு எதிரே நின்று ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். கல் காலி. பிழைத்தேன் என்று மூச்சு விடுவதற்குள், கிணற்றடியில் என் மகளும் மகனும் குனிந்திருப்பது தெரிந்தது. கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஏழாவது உருண்டை ஊறிக்கொண்டிருந்தது. மகள் அதை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிய்வது என் உயிர்தான் என்று அலறினேன்.

“சும்மா இருங்கப்பா. இங்குட்டு வந்து பாருங்க.”

வாழையிலைத் துண்டில் எலும்புகளை வரிசையாய் அடுக்கியிருந்தாள். நடுவில் ஒரு சின்ன மண்டை. அதன் முன்னால் நீண்ட மஞ்சள் பற்கள்.

“எலிப்பல்லுப்பா. வயல்ல வளை தோண்டயில பாத்தமே, அதே பல்லு.”

“மரப்பொந்துல கூகை ஆந்தை இருக்கு” என்றான் சின்னவன். “எலியை முழுசா முழுங்கிட்டு மயிரையும் எலும்பையும் கக்குது. நேத்து நான் பாத்தேன்.”

“அப்ப அந்த உஸ்ஸு?”

“குஞ்சுகப்பா. பசிக்குதாம்.”

அந்நேரம் பார்த்துக் கோடரியும் கையுமாக மரவெட்டி வந்து நின்றான். அண்ணாந்து பார்த்தேன். பொந்தின் இருட்டிலிருந்து மூன்று வெள்ளை முகங்கள், மனித முகங்களைப் போலவே, அசையாமல் என்னைப் பார்த்தன. உண்மை தெரிந்த பிறகும் உடம்பு சிலிர்த்தது. இன்னும் சற்று நேரத்தில் அந்த மூன்றுக்கும் நானே எமனாகியிருப்பேன் என்று நினைத்தபோது வந்த நடுக்கம் அதைவிடப் பெரிது. மரவெட்டிக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இலுப்பை இப்போதும் நிற்கிறது. ‘உஸ்ஸ்’ சத்தமும், வருஷா வருஷம் புதுக் குஞ்சுகள் வருவதால், ஓயவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால், பயந்ததைக் கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்துப் பார்க்காமல் கோடரிக்கு ஆள் அனுப்புவதில்லை.