மொட்டைத் தலைகளும் ஒரு மஞ்சள் கார்டும்

எங்கள் கால்பந்து கிளப்பின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால் முதலில் சண்டையைத்தான் எழுத வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு அணி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அணி. இரண்டிலும் பாதிப் பேர் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போய்விட, மிச்சம் இருந்தவர்களை ஒட்டுப்போட்டு ஒரே அணியாக்கினோம். எந்த ஊர்ப் பெயரை முன்னால் போடுவது என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டோம். கடைசியில் இரண்டு ஊரும் இல்லாத ஒரு பெயரை வைத்தோம். அது யாருக்குமே பிடிக்காததால் சண்டை ஓய்ந்தது.

மாவட்ட லீக்கில் நாங்கள் கடைசி டிவிஷன். அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதிலும் கடைசி இடத்துக்குப் போனால் லீக்கை விட்டே வெளியே. இரண்டு ஊருக்கும் நடுவில் எங்களுக்கு மைதானம் தந்த பள்ளிக்கூடம், லீக்கில் இருக்கும் வரைக்கும்தான் என்று கறாராகச் சொல்லியிருந்தது. லீக் போனால் மைதானம் போகும். மைதானம் போனால் கிளப் போகும். பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் பகலெல்லாம் தறிச் சத்தத்தில் கிடக்கிறவன் நான். சாயங்காலம் அந்தச் சரளை மண்ணில் ஓடுவதை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

போன வருடம் மயிரிழையில் தப்பினோம். அப்போது எங்கள் கேப்டன், உள்ளூர் ஸ்டேஷனிலேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்ட போலீஸ்காரர், யாரையும் கேட்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். லீக்கில் நிலைத்தால் அணி முழுக்க மொட்டை போடுமாம். அதற்கு அவர் பிடித்த நாள் இந்த வருடப் புரட்டாசிச் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு எங்கள் கடைசி ஆட்டம். டிரா செய்தால் பிழைப்போம், தோற்றால் போச்சு.

“ஆட்டம் முடிஞ்ச பொறவு போவோமே” என்றேன்.

“ஏலே, சாமிகிட்டயே தவணை சொல்லுதியா?”

“நீங்க வேண்டினா நீங்க போடுங்க மொட்டை. எங்க தலைய எதுக்கு அடகு வச்சீக?”

கத்தி என்ன பயன்? மலைக்குப் போனோம், வரிசையாக உட்கார்ந்தோம், சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்த நடுவர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எங்கள் பனியன் எண்களெல்லாம் துவைத்துத் துவைத்து எப்போதோ உதிர்ந்து போயிருந்தன. சுருட்டை, வழுக்கை, நெற்றியில் விழும் முடி என்று தலையை வைத்துத்தான் அந்த மனுசன் எங்களை அடையாளம் வைத்திருந்தார். இப்போது எல்லாம் சந்தனத் தலை. எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது!

பின்வரிசையில் என்னோடு ஆடியவன் ராணுவத்திலிருந்து லீவில் வந்தவன். என்னை விட இளையவன், ஆனால் என் உயரம், என் நிறம். ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முரட்டுத்தனமாக மோதி ஒரு மஞ்சள் கார்டு வாங்கிவிட்டான். இன்னொன்று வாங்கினால் வெளியேற வேண்டும். நானோ இத்தனை வருடத்தில் ஒரு கார்டும் வாங்காதவன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. “அண்ணங்கிட்ட இருக்கது ரேஷன் கார்டு மட்டுந்தான்” என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

இரண்டாம் பாதி, இன்னும் கோல் விழவில்லை. எதிரணிக்காரன் ஒருவனின் பனியனைப் பிடித்து இழுத்துத் தள்ளினான் ராணுவக்காரன். நடுவர் ஓடி வந்து மஞ்சள் கார்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எனக்குக் கொதித்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் கேப்டன் காதோரம் வந்து, “பேசாம வாங்கிக்கிடு. இல்லன்னா அவன் வெளிய போயிருவான்” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். கிளப்புக்காக அதையும் விழுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

“சார், இழுத்தது நாந்தான். அவிய இல்ல.”

ராணுவக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நடுவர் என் கார்டை ரத்து செய்து அவனை வெளியே அனுப்பினார்.

“ஏலே கிறுக்கா! கிளப்பே போகப் போகுது, உனக்கு இப்பத்தான் உண்மை கேக்குதோ?” என்று கத்தினேன்.

“எம்புட்டு வருசமாக் காப்பாத்தின பேருண்ணே. எனக்காக ஏன் கெடணும்?” என்று சொல்லிவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பத்துப் பேரை வைத்துக்கொண்டு நாய்படாத பாடு பட்டோம். முடியப் போகும் நேரம், ஓரத்தில் ஒருவன் என்னைத் தாண்டிப் பந்தோடு பறந்தான். கோலுக்கு முன்னால் அவன் ஆட்கள் இரண்டு பேர் காவலே இல்லாமல் நின்றார்கள். பந்து உள்ளே போனால் முடிந்தது கதை. அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். இரண்டு பேரும் சரளையில் உருண்டோம்.

நடுவர் வந்தார். கார்டை எடுத்துவிட்டு, நீட்டாமல் என் முகத்தை உற்றுப் பார்த்தார். முன்னால் கொடுத்தது ரத்தாகியிருக்காவிட்டால் இது எனக்கு இரண்டாவது, அவனுக்குப் பதில் நான் வெளியே போயிருப்பேன். எப்படிப் பார்த்தாலும் மிஞ்சுவது பத்துப் பேர்தான்.

“நீதானே? சரியாச் சொல்லு. அப்புறம் வேற எவனாவது வந்து நான்தான்னு நிப்பான்.”

“நாந்தான் சார்” என்றேன், வேப்பமரத்தடி வரைக்கும் கேட்கிற மாதிரி.

அவர்கள் அடித்த ஃப்ரீ கிக் கோலுக்கு மேலே போனது. நடுவர் கடைசி விசிலை ஊதினார், கோலே இல்லாத டிரா. மைதானம் எங்களிடமே இருக்கிறது.