வேனில் ஏறாமல் ஒரு சுற்று

ஓடத் தொடங்கும்போது முதலில் வலிப்பது கால் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு முதலில் வலித்தது மானம்தான்.

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து ஏரியை ஒரு சுற்று ஓடுவோம். கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால் பள்ளி வேன் மெதுவாக வரும், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள. போன வருடம் பாதிச் சுற்றுகூட ஆகவில்லை, நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளையும் தாண்டி வேன் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு 'வேன் மிஸ்' என்று பெயர். எட்டாவது படிக்கும் என் மகளுக்கு அது பொறுக்கவில்லை. பள்ளி விட்டால் என்னோடு சேர்ந்து நடந்து வருகிறவள், பத்தடி பின்னால் வர ஆரம்பித்தாள்.

இந்த வருடம் வேனில் ஏறவே கூடாது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். இந்த ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? வீட்டுப் படியை விட்டு இறங்கினால் ஏற்றம், அது முடிந்தால் இன்னொரு ஏற்றம். வெள்ளனே ஐந்தரைக்குக் கிளம்பினால் பனியில் மூக்கு உறைந்துபோகும். இரண்டு நிமிடம் ஓடினால் நெஞ்சு அடைக்கும். போதாக்குறைக்கு, இங்கே யாரும் காரணமில்லாமல் ஓட மாட்டார்கள். எதிரே வந்த ஜீப்காரர் பிரேக் போட்டுக் கத்தினார்: "என்னக்கா, காட்டுமாடு வெரட்டுதா? ஏறுங்க, ஏறுங்க!" இல்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்று சொல்லக்கூட எனக்கு மூச்சு இல்லை. கையை ஆட்டினேன். அதை அவர் உதவி கேட்பதாக எடுத்துக்கொண்டு இறங்கியே வந்துவிட்டார்.

விளையாட்டு ஆசிரியரிடம் போய் நின்றேன். "ரொம்ப ஸ்பீடா ஓடுறீங்க மிஸ். பேசிக்கிட்டே ஓடுங்க. பேச முடியலைன்னா வேகத்தக் குறைங்க. அம்புட்டுதான்" என்றார்.

விடிகாலையில் தனியாக யாரிடம் பேசுவது? தானாகப் பேசிக்கொண்டு ஓடினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதனால் செபமாலை சொன்னேன். அருள் நிறைந்த மரியே செபத்தை ஆரம்பித்து, முடிகிற வரை மூச்சு தாங்கினால் சரியான வேகம் என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன். பனிமூட்டத்துக்குள் ஒருத்தி செபம் சொல்லிக்கொண்டு போனால் எங்கள் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் மூச்சு தாங்கவில்லை. ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் வாய் உலர்ந்துபோனது. ஆசிரியரிடம் சொன்னால் "இன்னும் மெதுவா" என்பார். மறுபடி சொன்னால் "இன்னும் கொஞ்சம் மெதுவா" என்பார். அவர் சொன்னபடியே குறைத்துக்கொண்டே வந்தேன். ஒருநாள் வில்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா ஒருவர், தலையில் முட்டைக்கோஸ் மூட்டையோடு என்னை நடந்தே தாண்டினார். தாண்டியதோடு விட்டாரா? "கொஞ்சம் ஒதுங்குங்க தாயி, எனக்கு வெரசாப் போற சோலி இருக்கு" என்றார். அன்றைக்கு ரோட்டோரத்தில் நின்று ஷூவைக் கழற்றி வீசிவிடலாமா என்று இருந்தது. அழுகைகூட வந்தது, கோபத்தில்.

பத்து மாதம் இப்படியே போனது. காலுக்குப் பழகிவிட்டது, மூச்சுக்குத்தான் பழகவில்லை. ஓட்டத்துக்கு முந்தின நாள் என் மகள் கேட்டாள்: "இந்த வருஷம் நீ ஓடாதம்மா. ப்ளீஸ்." நான் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

மறுநாள் அவள் தோழிகளோடு பாய்ந்து ஓடிப்போனாள். நான் எல்லாரையும் போகவிட்டுக் கடைசியாகப் போனேன். வேன் பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தது. பாதிச் சுற்றைத் தாண்டினேன். அதுவே எனக்குப் பெரிய காரியம். முக்கால் சுற்றில், ஏரிக்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மகள் நொண்டிக்கொண்டு நின்றாள். பாய்ந்த பாய்ச்சலில் கால் சுளுக்கியிருந்தது. வேன் நின்றது, அவளை ஏற்றிவிட்டேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

"நீயும் ஏறும்மா. எல்லாரும் முடிச்சிட்டாங்க" என்றாள்.

ஏறியிருப்பேன். சத்தியமாக ஏறியிருப்பேன். நெஞ்சு எரிந்தது, அந்த ஏரி மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தேன். அருள் நிறைந்த மரியே என்று வாய்விட்டுத் தொடங்கினேன். பாதியில், வழக்கம்போல, மூச்சு அறுந்தது. கால்கள் நின்றுவிடப் பார்த்தன.

அப்போது பின்னாலிருந்து மீதிப் பாதி வந்தது. வேன் ஜன்னலில் தலையை நீட்டி, தினமும் சாயங்காலம் வீட்டில் சொல்கிற அதே சலித்த குரலில், புனித மரியே என்று தொடங்கி ஆமென் வரை என் மகள் சொன்னாள். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

வீட்டில் முன்பாதி நான் சொல்வேன், பின்பாதியை அவள் சொல்வாள். செபமாலை சொல்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். பத்து மாதமாக இரண்டு பாதியையும் நான் ஒருத்தியே சொல்லிக்கொண்டு, மூச்சு போதவில்லை என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன். பாதிச் செபத்தை விட்டால் பாவம் என்று பயம் வேறு. விளையாட்டு ஆசிரியர் திருநீறு பூசுகிறவர், அவருக்கு இது எங்கே தெரியப்போகிறது? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் சொல்லி முடிக்கிற நேரத்துக்குள் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டேன். ஆமென் வந்தது. திரும்பி ஜன்னலைப் பார்த்தேன்.

"அடுத்ததச் சொல்லும்மா," என்று ஜன்னலிலிருந்து கத்தினாள். "நிக்காத!"