இரண்டு நாளாக ஓடும் சோதனை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஜன்னல் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொல்கிறவர்களை எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார வைக்க வேண்டும்.

நான் கம்பைலர் ஆராய்ச்சி செய்தவள். மனிதர் எழுதும் புரோகிராமைக் கணினிக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். மாற்றும்போதே வேண்டாத வேலைகளைக் கழித்துவிட்டால் புரோகிராம் வேகமாக ஓடும். அப்படிக் கழிக்கும் முறை ஒன்றைத்தான் எங்கள் ஆய்வகம் கண்டுபிடித்திருந்தது. உண்மையில் கண்டுபிடித்தவர் எங்களுக்கு முன்னால் படித்த ஓர் அக்கா. அவர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். பேரும் பதவியும் எங்கள் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியருக்கு வந்தன. பின்னால் வந்த நாங்கள் அதன்மேல் மாடி கட்டிக்கொண்டிருந்தோம்.

வழிகாட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார், பார்க்க மாட்டார். எனக்கு அது ஆறாவது வருடம். “வீட்டுக்கே ரெண்டு தடவை வெள்ளை அடிச்சாச்சு, உன் படிப்பு முடியலையே” என்பாள் அம்மா, போனில். உதவித்தொகை அந்த மாதத்தோடு நிற்கப்போகிறது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பினால் பட்டம் உண்டு. இல்லையென்றால் எல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

வேகத்தை அளக்க ஒரு விதி உண்டு. அளக்கும் கணினியில் வேறு எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் எண்கள் நிலையாக நிற்காது. அதனால்தான் எல்லோரும் விடுமுறைக்குப் போன நாளாகப் பார்த்துப் போனேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். அளவெடுப்பை ஓடவிட்டேன்.

எண்கள் ஆடின.

ஓடுகிற வேலைகளின் பட்டியலைப் பார்த்தேன். என்னுடையது ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று... ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண். கணக்கை அழித்துவிட்ட ஆளுடைய வேலை என்றால் அப்படித்தான் காட்டும். யார் விட்டுப்போன சனியனோ என்று திட்டிக்கொண்டே அதை நிறுத்தினேன்.

மறுபடி அளந்தேன். மறுபடி ஆடியது. அந்த வேலை திரும்ப வந்திருந்தது. எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்தேன்.

இரண்டு நாள்.

கணினியை நான் போட்டே அரை மணிதான் ஆகியிருந்தது.

அப்போதுதான் கேட்டது. டக்... டக் டக்... டக். யாரோ யோசித்து யோசித்துக் கீபோர்டில் தட்டும் சத்தம். மூலை மேஜையிலிருந்து வந்தது. அந்த மேஜையில் கணினியே கிடையாது. காலிப் பெட்டிகளும், வயர் அறுந்த பழைய லேப் போன் ஒன்றும்தான் இருந்தன.

“யாரு?”

சத்தம் நின்றது.

திரும்பினேன். என் திரையில் ஒரு சின்ன புரோகிராம் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை. நான்கே வரி.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஆனாலும் தொழில் புத்தி எங்கே போகும்? அதை எங்கள் கம்பைலரில் போட்டு ஓட்டினேன்.

ஏழு வர வேண்டும். பூஜ்யம் வந்தது.

மறுபடி ஓட்டினேன். பூஜ்யம்.

பேயைவிட அந்தப் பூஜ்யம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எங்கள் முறை, வேண்டாத வேலையோடு வேண்டிய வேலையையும் சேர்த்துக் கழித்துக்கொண்டிருந்தது. பாதி வேலையைச் செய்யாமல் விட்டால் வேகம் வராமல் என்ன செய்யும்? அளவெடுக்கும்போது நாங்கள் நேரத்தை மட்டும்தான் பார்ப்போம். விடையை அப்படியே தூக்கி எறிந்துவிடுவோம். அத்தனை பேரில் ஒருவர்கூட அதை எடுத்துப் பார்த்ததில்லை.

மணி 12.40.

மூலையில் போனின் ரிசீவர் மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான் வந்தபோது அது தொங்கவில்லை.

மெல்ல ஆடியது.

அதற்குள்ளிருந்து... ட்ரூம்... ட்ரூம்... யாரையோ கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும் சத்தம்.

வயர் அறுந்த போன்.

ஓடினேன்.

படிக்கட்டில் நின்று என் செல்போனில் வழிகாட்டியை அழைத்தேன். பேயைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்.

“சார், விடை தப்பா வருது. பேப்பரை அனுப்ப வேண்டாம்.”

 

“யாரு பேசறது?” என்றார். தினமும் பேசுகிற எண்.

“நான்தான் சார்.”

“எங்கேருந்து பேசற... லேப் போன்லேர்ந்தா?”

“இல்ல சார். என் செல்லுலேர்ந்து.”

“சரி. வீட்டுக்குப் போ. பார்க்கலாம்.”

அன்று மாலையே கட்டுரை போய்விட்டது. பழைய எண்களை வைத்து அவரே அனுப்பிவிட்டார். என் பெயரை எடுத்துவிட்டு எனக்கு ஜூனியரான ஒருவனின் பெயரைப் போட்டிருந்தார். அவன் இப்போது முனைவர். நான் படிப்பை விட்டேன். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

என் சாமான்களை எடுக்கப் போன அன்று, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் பட்டியலில் பார்த்த அந்த எண்ணைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அந்த முறையைக் கண்டுபிடிச்ச பொண்ணோட கணக்கும்மா அது. கம்பெனிக்குப் போயிடுச்சுன்னு சொல்லியிருப்பாங்க. எங்கேயும் போகல. முதல் பேப்பர் அனுப்பற வாரம், மூணு நாள் லீவு. மூலை மேஜையிலேயே உயிர் போயிடுச்சு. திங்கக்கிழமை நான்தான் கதவைத் திறந்தேன்.”

“என்னாச்சு?”

“மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலமே போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு.” சாத்திய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “ஆனா போலீஸ் கேட்டப்ப உங்க சார் ஒரே பிடிவாதம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் லேப் போன்லேர்ந்து அவ எங்கிட்ட பேசினா, விடை தப்பு, அனுப்பாதீங்கன்னு சொன்னான்னு. சொல்லும்போதே அவருக்கு உடம்பு ஆடுச்சு.”

படிக்கட்டில் நின்று நான் சொன்னதும் அதேதான்.

“போலீஸ் நம்பினாங்களா?”

“அவங்க நம்பல. அவர் நம்பினாரு. மறுநாளே அந்த போன் வயரை அறுக்கச் சொன்னாரு. நான்தான் அறுத்தேன்.”

“அந்த முதல் பேப்பரை... திரும்ப வாங்கலையா?”

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அதை எதுக்கும்மா வாங்கறாரு? அந்த வருஷம் பரிசே அதுக்குத்தானே.”