கறுத்த திரைக்குள் இருந்த படம்

அந்தக் கியூபை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போது றக்வான பஜாரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், பின்னால் கட்ட ஒரு நீலத் துணி. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுப்பதுதான் பாதிப் பிழைப்பு. வைரஸ் தொல்லை தாங்காமல் வின்டோஸைத் தூக்கிவிட்டு, இரத்தினபுரியில் கம்ப்யூட்டர் திருத்தும் நண்பன் தந்த இலவச லினக்ஸ் சீடியைப் போட்டு ஆறேழு மாதம் இருக்கும். நன்றாகத்தான் ஓடியது. நான்தான் சும்மா இருக்கவில்லை.

நண்பனின் கடையில் அதே லினக்ஸில் திரை ஒரு பெட்டியைப் போலச் சுற்றும். கியூப் என்பான். எனக்கும் அது வேண்டும் என்று ஒரே ஆசை. அதற்கு, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டைச் செய்த கம்பெனியின் டிரைவர், அதாவது அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள், வேண்டுமாம். லினக்ஸோடு வந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. முதலில் அதை நிறுத்து என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். காதில் ஏறினால்தானே! ஒரு சனிக்கிழமை காலை, நல்ல மழை, கடையில் ஆளில்லை. பழையது இருக்கும்போதே புதியதையும் போட்டு மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். ஒரே கார்டுக்கு இரண்டு டிரைவரும் இழுபறி. திரை கறுத்துவிட்டது. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். மேல்தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மனிதர். தலையெல்லாம் ஈரம். பஜாரில் அப்போதுதான் வாங்கிய கண்ணாடி போட்ட படச் சட்டத்தை, நனையாமல் இடுப்புச் சாரத்தின் நுனியில் சுற்றிப் பிடித்திருந்தார்.

"தம்பி, வீட்டுல தவறிட்டாங்க. நேத்து மலையில குளவி கொட்டிருச்சு. போன ஞாயித்துக்கெழம ஐடிக்கு இங்கதான படம் எடுத்தா? இன்னிக்கு மூணு மணிக்கு அடக்கம் பண்ண எடுக்கிறோம். தலமாட்டுல வைக்கணும். அவளுக்கு வேற படமே இல்லீங்க."

அந்த அக்காவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அடையாள அட்டை எடுக்கப் போகிறவர். கேமராவைக் கண்டதும் சிரித்துவிட்டார். "சிரிக்காதீங்க அக்கா, ஐடி போட்டோ!" என்று அதட்டி, சிரித்த படத்தை அழித்து இன்னொன்று எடுத்தேன். பிரின்டரில் மை இல்லை, அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கேமராவின் மெமரி கார்டு சின்னது. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் துடைத்துவிடுவேன். ஆக, அந்த முகம் இருந்த ஒரே இடம் என் முன்னால் கறுத்துக் கிடந்த மெஷின்.

"உள்ளதான் இருக்குண்ணே. கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

நண்பனுக்கு இரண்டு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: ஃபார்மட். என்ன கோளாறு என்றாலும் வின்டோஸ் இருக்கும் C-யை அழித்து மறுபடி போடுவோம். D-யில் இருக்கும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. பல தடவை செய்த கை. லினக்ஸில் C-யும் இல்லை, D-யும் இல்லை, நான் போட்டிருந்த விதத்தில் எல்லாம் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை. சீடியைப் போட்டேன். என்னவோ ஆங்கிலத்தில் கேட்டது. வாசிக்காமலேயே சரி, சரி என்று அமுக்கிக்கொண்டே போனேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் திரை வந்தது. பளிச்சென்று வந்தது. உள்ளே ஒரு படமும் இல்லை.

ஐயோ, அந்த நிமிடம்! "மெஷின் கெட்டுப்போச்சுண்ணே, எல்லாம் போயிருச்சு" என்றேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "அனே பாவம், மெஷினுக்கு என்னங்க தெரியும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, வெறும் சட்டத்தோடு மழையில் இறங்கிப் போனார்.

சாயங்காலம் நண்பன் திருப்பிக் கூப்பிட்டான். நடந்ததை எல்லாம் சொன்னேன். "டேய், திரைதான்டா வரல. டிஸ்க்குக்கு ஒண்ணுமே ஆகல. அந்தக் கறுப்புலயே ரெண்டு வரி கட்டளை அடிச்சிருந்தா படத்தப் பென் டிரைவுக்கு எடுத்திருக்கலாமே" என்றான்.

அவர் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தின் தொடக்கத்தில் அவருடைய மனைவி உள்ளேதான் இருந்தார். நான்தான் அழித்தேன்.

மூன்று மாதம் கழித்து, தன்னுடைய அட்டைக்குப் படம் எடுக்க அவரே வந்தார். நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்ததும், "அன்னிக்குக் கெட்ட மெஷின் சரியாயிருச்சுங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"மெஷின் கெடலண்ணே. படம் பத்திரமா இருந்துச்சு. அவசரத்துல நான்தான் அழிச்சிட்டேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் படத்த நான் பாக்கவே இல்லயே தம்பி. அதுல சிரிச்சிருந்தாளா?"

"சிரிச்சாங்கண்ணே. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு நிமிர்ந்து, சிரிக்காமல், கேமராவைப் பார்த்தார்.